பட்டி பார்த்த படகு

பெயிண்டரின் மனைவி தனக்கென்று வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. மகளுக்காகக் கேட்டிருக்கிறாள், வீட்டுக்காகக் கேட்டிருக்கிறாள், தம்பிக்காகக் கூட ஒருமுறை சிபாரிசுக்கு வந்து நின்றிருக்கிறாள். அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே, "ஏங்க, நாம ஒரு படகு வாங்கலாமா?" என்று கேட்டால் மனுஷன் என்ன செய்வார்? கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தார்.

"படகா? எதுக்கு?"

"சும்மாதான். ஏரியில போக."

"யாரு போக?"

"நாமதான். வேற யாரு இருக்கா?"

அதுதான் விஷயம். வேறு யாரும் இல்லை. மகள் வீட்டில் இருந்தவரை இருவருக்கும் நடுவில் அவள்தான் தபால்காரி. 'அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு', 'அம்மாகிட்ட சாவி எங்கன்னு கேளு' என்று எல்லாப் பேச்சும் அவள் வழியாகத்தான் போய் வரும். அவள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும் தபால் நின்றுபோனது. சாயங்காலம் ஆனால் இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்கள். அவருக்காவது சுவரைப் பார்ப்பது தொழில். அவளுக்கு அதுவும் இல்லை.

அவள் ஏரிக்கரை ஓட்டலில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிற வேலை. தேய்க்கிற மேசைக்கு எதிரே ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஏரி. அத்தனை வருஷமும் ஊரான் வீட்டுப் படகுகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டேதான் விரிப்பு மடித்திருக்கிறாள் என்பது பெயிண்டருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்ததும் உள்ளுக்குள் ஏதோ சுருக்கென்றது. இதில் மட்டும் சொதப்பக் கூடாது என்று முடிவு செய்தார். சொதப்பினால் இவள் இனி ஜென்மத்துக்கும் எதையும் கேட்கமாட்டாள் என்று பயந்தார்.

படகைப் பற்றி இருவருக்கும் தெரிந்தது, அது தண்ணீரில் மிதக்கும் என்பது மட்டும்தான். நீச்சலும் தெரியாது. கையில் இருந்த பணமோ படகுக்கடையின் வாசற்படிக்கே காணாது. ஆகவே பழைய படகாகத் தேடினார்கள். முதலில் பார்த்தது மோட்டார் வைத்த படகு. அதன் விலையைக் கேட்டதும் பெயிண்டர் மரியாதையாக மணி என்ன என்று விசாரித்துவிட்டுத் திரும்பினார். இரண்டாவது, அடியில் கால் விடும் அளவுக்கு ஓட்டை. மூன்றாவது நல்ல படகு. நீலமும் வெள்ளையுமாகப் புது வர்ணம் அடித்து, பணத்துக்கும் எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவளுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

பெயிண்டர் குனிந்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "வேணாம், வா," என்றார்.

"ஏங்க?"

"புது பெயிண்டு. விக்கறதுக்கு முன்னாடி எதுக்கு பெயிண்டு அடிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? என்னைக் கூப்பிட்டுத்தானே அடிக்கறாங்க."

அவர் கண்ட உலகம் அப்படி. ஓதம் ஏறிய சுவரோ விரிசல் விட்ட கூரையோ, விற்கப்போகிற வீட்டுக்காரர்கள் முதலில் தேடுவது அவரைத்தான். அவர் பட்டி பார்த்தால், அதாவது விரிசலில் பசை பூசித் தேய்த்துச் சமப்படுத்தினால், பெற்ற தாயே வந்தாலும் விரிசல் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கைராசிக்காகவே தெருவில் அவரை 'பட்டி மன்னர்' என்று கிண்டல் செய்வார்கள். ஆக, விற்கிறவன் வாயிலிருந்து உண்மை வராது என்பதை மனிதர் வேதவாக்காக வைத்திருந்தார். நல்ல படகை விட்டுவிட்டு வந்தது அப்படித்தான்.

கடைசியில் கிடைத்தது பேக்கரிக்காரம்மாவின் படகு. பேக்கரியின் பின்கட்டில், அடுப்புச் சுவரை ஒட்டி, காலி மாவுச் சாக்குகளுக்கு அடியில் குப்புறக் கிடந்தது. கடை பெரிதாவதற்கு முன்னால் அந்தம்மாவே ஓட்டிய படகாம். கடை வளர்ந்தது, படகு அங்கேயே கிடந்துவிட்டது. வர்ணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் நுழைகிற இடுக்கு. உள்ளே தலையை விட்டால் வெளிச்சம் கோடுகோடாகத் தெரிந்தது. பெயிண்டருக்குப் பரம திருப்தி. ஒளிவுமறைவு இல்லாத படகு.

பேக்கரிக்காரம்மா மாவுக்கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மரம் நல்ல மரம்ங்க. அடுப்புச் சூட்டுலயே கிடந்து காஞ்சு போச்சு, அவ்வளவுதான். கரையோரமா தண்ணியில முக்கிப் போட்டுடுங்க. பத்துப் பதினைஞ்சு நாள் மூழ்கியே கிடக்கட்டும். பலகையெல்லாம் தானா கூடிக்கும்."

பணத்தைக் கொடுத்து வெளியே வந்ததும் பெயிண்டர் சிரித்தார். "கேட்டியா கதையை? மிதக்கறதுக்காக மூழ்க வைக்கணுமாம்."

"அந்தம்மா ஓட்டினவங்க. அவங்க சொன்னபடியே செஞ்சு பாக்கலாமேங்க," என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. இந்த மாதிரி எத்தனை இடுக்கைப் பாத்திருக்கேன் நான்."

அவள் சும்மா இருந்தாள். அந்த வீட்டில் 'நீ சும்மா இரு' என்பது திட்டு கூட இல்லை. கதவைச் சாத்துகிற மாதிரி, பழக்கத்தில் வருவது. அவரும் சொன்னதை மறந்துவிட்டார்.

மச்சான், அதாவது அவள் தம்பி, தன் சரக்கு வண்டியில் படகை ஏற்றி வந்து கரையில் இறக்கிக் கொடுத்தான். பெயிண்டர் வேலையில் இறங்கினார். சுவருக்குப் பூசுகிற பட்டி தண்ணீரில் கரையும் என்று தெரியாத ஆளா அவர்? காரில் விழுந்த அடியை மறைக்கப் பூசுகிற பட்டியை வாங்கினார், காய்ந்தால் கல். ஒவ்வொரு இடுக்கிலும் ஆழமாகத் திணித்து, வழித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே வர்ணமும் அடித்தார். கிடைக்கிற பொழுதெல்லாம் அதிலேயே கழிந்தது. சாப்பாட்டை மனைவி கரைக்கே கொண்டுவந்தாள். முடிந்தபோது அந்தப் படகில் பலகை எது, இடுக்கு எது என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. எந்த நீலத்தை நம்பாமல் திரும்பி வந்தாரோ, அதே நீலம்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் தள்ளினார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அவர் உள்ளே கைக்குட்டையைப் போட்டுத் துடைத்து, காய்ந்த கைக்குட்டையை அவளிடம் காட்டினார். அவளும் படகில் ஏறி, கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே, கைகளை இரண்டு பக்கமும் விளிம்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். துடுப்புப் போடுவதை அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது பெயிண்டரின் நடையே வேறாக இருந்தது.

வாரத்தின் நடுவில் அவள் வேலை முடிந்து வரும் வழியில் படகைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். "படகுக்குள்ள ஏதோ முறியற மாதிரி சத்தம் கேக்குதுங்க," என்றாள்.

அவர் போய்ப் பார்த்தார். வர்ணம் தோலுரிந்திருந்தது. கல்லாய் இறுகிய பட்டி சில இடங்களில் பிதுங்கி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. உள்ளே பலகைகளைத் தாங்குகிற விலாக்கட்டைகளில் ஒன்று ஏற்கெனவே குறுக்கே பிளந்திருந்தது. அவர் நின்றுகொண்டிருக்கும்போதே இன்னொன்று படாரென்று முறிந்தது. மரம் முறிகிற சத்தத்தை அவர் கேட்டதில்லை என்றில்லை. ஆனால் தன் கைவேலையே மரத்தை முறிக்கிற சத்தத்தை அன்றுதான் கேட்டார். ஞாயிறு வருவதற்குள் படகு கரையோரச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

'நான் அப்பவே சொன்னேன்' என்று அவள் சொல்லுவாள் என்று காத்திருந்தார். சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சத்தம் போட்டு மனசு ஆறியிருப்பார். அவள் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவருக்குத் தட்டு வைத்துவிட்டு, மெதுவாக, "விடுங்க. வந்த விலைக்குக் கொடுத்துடலாம். எனக்கு எதுக்குங்க படகு? ஏதோ பைத்தியக்காரத்தனமாக் கேட்டுட்டேன்," என்றாள்.

பெயிண்டர் தட்டைத் தள்ளி வைத்தார். படகு போனது போகட்டும். அவள் கேட்டதே தப்பு என்று அவளை நினைக்க வைத்துவிட்டார் அல்லவா, அது அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பேக்கரியில் போய் நின்றார். பேக்கரிக்காரம்மா மாவைத் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கை நின்றது.

"என்னத்தைப் போட்டு அடைச்சீங்க?"

"காருக்குப் போடறது."

அந்தம்மா கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். "மரம் தண்ணி குடிச்சா ஊதும்ங்க. ஊதறதுக்குத்தான் அந்த இடுக்கு. அதுல நீங்க கல்லை வெச்சு அடைச்சா அது எங்க போகும்? விலாவை உடைச்சிட்டுத்தான் போகும்."

"நீங்க சொன்னதை நான் நம்பலைங்க. விக்கறவங்க எதையாவது சொல்லுவாங்கன்னு நெனச்சுட்டேன்."

"உங்க வீட்டம்மா நம்பினாங்களே. முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது," என்றார் அந்தம்மா சாதாரணமாக, அடுத்த தட்டை இழுத்துக்கொண்டே. "பட்டி பூராவும் தோண்டி எடுங்க. விலாவைத் தச்சர்கிட்ட சொல்லி மாத்துங்க. அகலமான இடுக்குல மட்டும் பஞ்சை முறுக்கி வெச்சு, மூழ்க விடுங்க. அவசரப்படாதீங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். மேடைப் பேச்சு மாதிரி நீளமாக ஒன்று தயார் செய்து வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எல்லாம் பறந்துவிட்டது.

"தப்பு என்னுதுதான். நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. தலை நிமிராமலே கேட்டாள்: "இப்ப என்ன செய்யணுமாம்?"

"பட்டி பூரா தோண்டணுமாம்."

"உளி ரெண்டு இருக்கா?"

இருந்தது. படகைக் கரையில் ஏற்றிப் போட்டு, இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அவளும் உட்கார்ந்து தோண்டினார்கள். தன் வேலையைத் தானே பெயர்த்தெடுப்பதைப் போல் கேவலம் வேறில்லை. அதுவும் அவ்வளவு கச்சிதமான வேலை. வேறு யாராவது பூசியிருந்தால் சுலபமாக வந்திருக்கும் என்று அவள் சொன்னாள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். தோண்டத் தோண்டப் பேச்சும் வந்தது. ஓட்டலில் தங்குகிறவர்கள் மறந்து விட்டுப்போய், விரிப்புகளோடு சுருண்டு வரும் பொருள்களைப் பற்றி, பல்செட்டு முதல் காதல் கடிதம் வரை, அவள் சொன்னாள். இத்தனை வருஷமாக அவள் வேலை செய்யும் இடத்தில் இவ்வளவு நடந்ததா என்று அவர் வாயைப் பிளந்தார்.

தச்சர் விலாக்கட்டைகளை மாற்றிக் கொடுத்தார். பிறகு படகில் கல்லைப் போட்டு, கரையோரம் முழுசாக மூழ்கடித்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். "பட்டி மன்னர் படகுக்கு ஜலசமாதி கட்டிட்டார்" என்று மச்சானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். பெயிண்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் இருவரும் போய், தண்ணீருக்கு அடியில் மங்கலாகத் தெரிகிற படகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்கள். செய்வதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. சும்மா விட்டுவைப்பதுதான் வேலை என்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

பதினைந்து நாள் கழித்து, கல்லை எடுத்துத் தண்ணீரை இறைத்ததும் படகு மிதந்தது. பலகைகள் ஒன்றோடொன்று இறுகிக் கூடியிருந்தன. இரண்டு மூன்று இடத்தில் மட்டும் கசிவு. அதற்கு ஒரு காலி பெயிண்டு டப்பா போதும்.

ஞாயிறு காலை கயிற்றை அவிழ்த்தார்கள். பெயிண்டர் துடுப்பைப் பிடித்தார். படகு ஒரே இடத்தில் செக்கு மாடு மாதிரி சுற்றியது. அவருக்கு வியர்த்து ஊற்றியது. பின்னால் உட்கார்ந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அவள், "நீங்க இங்க வாங்க, நான் போட்டுப் பாக்கறேன்," என்றாள்.

'நீ சும்மா இரு' என்ற அந்தப் பழைய வார்த்தை அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினார். இருவரும் குனிந்து குனிந்து இடம் மாறினார்கள். படகு ஆடிய ஆட்டத்தில் இருவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். அவளும் ஒழுங்காகத் துடுப்புப் போடவில்லை. ஆனால் படகு கோணல்மாணலாகவேனும் முன்னால் போனது. ஓட்டலின் ஜன்னல் வரிசை தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏங்க," என்றாள், துடுப்பை இழுத்துக்கொண்டே. "எனக்கு நீச்சல் கத்துக்கணும்னு ஆசையா இருக்கு."

பெயிண்டர் குனிந்து ஒரு டப்பா தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"கத்துக்கோ. வேற என்ன வேணும், சொல்லு," என்றார்.

அவள் துடுப்பை நிறுத்தாமல் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.