பீங்கானின் நாலு தகடுகள்

போன கிழமை எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு வான் வந்தது. விசர்நாய் ஊசி போடுகிறோம், நாய்களைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னார்கள். நான் வாசலில் நெத்தலிக்கருவாடு கிள்ளிக்கொண்டிருந்தேன். பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றியிருப்பார்கள் போலிருக்கிறது, அந்த வாசனை காற்றோடு வந்து மூக்கில் ஏறியது. கருவாட்டு மணத்தையும் தாண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் கருவாட்டின் மேல் பழியைப் போட முடியாது.

ஸ்பிரிட் வாசனை என்றால் எனக்குப் பீங்கான்தான் ஞாபகம். பீங்கான் ஒரு நாயின் பேர். சிரிக்காதீர்கள். குட்டியாகக் கொண்டுவந்த அன்றைக்கே வீட்டில் இருந்த ஒரே நல்ல பீங்கான் கோப்பையைத் தட்டி உடைத்துவிட்டது. ஏசி ஏசி அந்தப் பேரே நிலைத்துவிட்டது. உடம்பு வெள்ளை, ஒரு காது மட்டும் புகையிலை நிறம்.

அப்போது நான் பலாபத்வலப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம், மகள் கொழும்பில் தையல் வேலை. விடிகிற நேரத்தில் மலைக்கு ஏற வேண்டும், பாதையில் காட்டுப்பன்றி நிற்கும். பீங்கான் எனக்குப் பத்தடி முன்னால் போகும். நின்று திரும்பிப் பார்க்கும். நான் வருவது தெரிந்த பிறகுதான் அடுத்த அடி வைக்கும். ரப்பர் பால் புளித்த நாற்றம் என் மேல் எவ்வளவு அடித்ததோ, அவ்வளவு அதன் மேலும் அடித்தது. அதோடு மட்டும் நான் நிறையப் பேசுவேன். மனிதர்களைக் கண்டால் எனக்கு வாய் வராது. இன்றைக்கும் அப்படித்தான். கடையில் சீனி கேட்கப் போய், உப்புக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அந்த நாளில் தகடு இல்லாத நாயைப் பிடித்துக்கொண்டு போக வண்டி வரும். போன நாய் திரும்பி வராது. ஆகவே ஊசி போட்டு, அதற்குத் தரும் துண்டுச் சீட்டைக் கொண்டுபோய்ப் பிரதேச சபைக் கந்தோரில் காட்டி, லைசன்ஸ் எழுதி, தகடு வாங்கிக் கழுத்தில் கட்ட வேண்டும். வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டும். தகட்டின் வடிவம் வருஷத்துக்கு வருஷம் மாறும். ஒரு வருஷம் வட்டம், ஒரு வருஷம் சதுரம். வண்டிக்காரன் தூரத்தில் நின்றே இந்த வருஷத் தகடா, போன வருஷத்ததா என்று சொல்லிவிடுவான்.

முதல் தடவை என்னைக் கூட்டிக்கொண்டு போனது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பிராவில் இருந்த பிலோமி அக்கா. கந்தோர் ஜன்னலில் கிளார்க் ஐயா பேர் கேட்டார். சிங்களத்தில் கேட்டாலும் எனக்கு விளங்கியது. ஆனால் பேர் வாய்க்குள் நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"வாயத் தொறயேன்டி, உன் பேரத்தான கேக்குறாரு, நக நட்டா கேக்குறாரு?" என்று அக்கா முதுகில் ஒன்று போட்டு, என் பேரை அவளே சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "நாயி கொலைக்கிறதுல பாதியாச்சும் நீ பேசப்படாதா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கொண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த வருஷத்திலிருந்து, "நீ வரவேணாம் புள்ள, ஊசித் துண்டக் குடு, நானே போட்டுட்டு வர்றேன்" என்றாள். எனக்குத் தலையிலிருந்து விறகுக்கட்டை இறக்கியது போல இருந்தது. எங்கள் லயத்தில் சிங்களம் எழுத வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரித் துண்டு, மகளின் வேலைக் கடிதம் எல்லாம் அவள்தான் வாசித்துச் சொல்வாள். என் வீட்டு அடுப்பில்தான் அவள் பின்னேரத் தேத்தண்ணி குடிப்பாள். பீங்கானுக்கு ஞாயிற்றுக்கிழமை எலும்பு அவள் வீட்டில்தான். அவள் மாதா படத்துக்கு நான் பூப் பறித்துக் கொடுப்பேன். என் மாரியம்மன் பொங்கலுக்கு அவள் வெல்லம் தட்டித் தருவாள்.

லைசன்ஸ் கடதாசியைக் கொண்டுவந்து என் கையில் தந்தபோது, ஒரு வரியின் மேல் விரலை வைத்து, "இந்தா பாரு, இதுதான் உன் பேரு" என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்பு, அதுவும் தமிழில். சிங்கள எழுத்து எனக்குச் சுழி சுழியாகத்தான் தெரியும். ஆனாலும் கந்தோர்க் கடதாசி ஒன்றில் என் பேர் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய காரியம்! அம்மன் படத்துக்குப் பின்னால் இருந்த பிஸ்கட் டின்னில் அதை வைத்தேன். வேலை இல்லாத பின்னேரங்களில் எடுத்து, அவள் காட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்ப்பேன். அடுப்புக்கரியால் தரையில் எழுதிக்கூடப் பழகினேன். முதல் வருஷக் கடதாசியில் சுழிகள் வேறு மாதிரி இருந்தன. எழுதின ஐயா வேறு, கையெழுத்தும் வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது வருஷம் புதுப்பித்து வந்த கொஞ்ச நாளில் பிலோமி அக்கா தம்புள்ளைக்குப் போனாள். மருமகன் அங்கே மரக்கறி மொத்தச் சந்தையில் இடம் எடுத்திருந்தான். சாமான் ஏற்ற லொறி வந்து நின்றபோது என் காம்பிராவுக்கு வந்தாள்.

"புது எடம் புள்ள, களவு பயம். ஒரு மாசத்துக்கு பீங்கானக் குடேன். பழகிட்டா வேற குட்டி ஒண்ணு பாத்துக்குறேன். அந்தக் கடதாசியையும் குடு, வழியில யாராச்சும் கேட்டா காட்டணும்."

நானே டின்னைத் திறந்து, நானே எடுத்து, நானே கொடுத்தேன். பீங்கானைத் தூக்கி லொறியில் ஏற்றியதும் நான்தான். அது பத்தடி முன்னால் போகிற பழக்கத்தில் லொறியின் தலைப்பக்கம் போய் நின்றுகொண்டு, நான் ஏறி வருவேன் என்று திரும்பிப் பார்த்தது.

ஒரு மாசம் போனது. மூன்று மாசமும் போனது. சொல்லி அனுப்பினால் பதில் இல்லை. விடியலில் மலைக்குப் போகும்போது, பன்றி விலகட்டும் என்று வாளியைக் கம்பால் தட்டிக்கொண்டு போனேன். கடைசியில் ஒரு லீவு நாளில் பஸ் ஏறித் தம்புள்ளைக்குப் போய், லொறிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் அவள் கடையைத் தேடிப் பிடித்தேன். முட்டைக்கோவா மூட்டைகளுக்குப் பக்கத்தில் பீங்கான் சங்கிலியில் கட்டிக் கிடந்தது. என்னைக் கண்டதும் சங்கிலியை இழுத்துக்கொண்டு அழுதது. நாய் அழாது என்று சொல்கிறவர்கள் அன்றைக்கு அங்கே வந்திருக்க வேண்டும்.

"கூட்டிட்டுப் போக வந்தேங்க்கா" என்றேன்.

பிலோமி அக்கா தராசை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எங்க கூட்டிட்டுப் போறது? லைசன்ஸ் என் பேர்ல இருக்கு. ஊருக்குப் போயி யாருகிட்ட வேணும்னாலும் கேளு."

சுற்றி நின்ற யாவாரிகள் பார்த்தார்கள். "அக்கா, நீங்கதான..." என்றேன். ஒரு பையில் போஞ்சிக்காய் அள்ளி என் கையில் திணித்தாள். வெட்கம் கெட்டவள், அதையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் நாலந்தா வரைக்கும் மடியில் வைத்திருந்துவிட்டு, சீட்டுக்கு அடியில் தள்ளினேன், எங்கள் ஊரில் அதை எடுக்காமலே இறங்கினேன்.

மறுநாள் தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடாமல், டின்னில் இருந்த மூன்று கடதாசிகளையும் எடுத்துக்கொண்டு தனியாகக் கந்தோருக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவை அந்த ஜன்னலில் நானாகப் பேசினேன். கடதாசியை நீட்டி, விரலை வைத்து, "ஐயா, இது என் பேருங்க. என் நாயி" என்றேன்.

தமிழ் தெரிந்த ஐயா. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இது பிலோமினான்னு இருக்கேம்மா."

"இல்லீங்க ஐயா, நல்லா பாருங்க. என் பேரு அது."

அவர் மூன்றையும் வரிசையாக வைத்து, பதிவுப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தார். "மொத வருசம் மட்டுந்தான் உங்க பேரு. ரெண்டாவது வருசமும் பிலோமினா, மூணாவது வருசமும் பிலோமினா. கடைசியாப் புதுப்பிச்சதும் அதே பேருதான். இவ்வளவு நாளும் யார்கிட்டயும் குடுத்து வாசிக்கலையாம்மா?"

வாசித்தேன் ஐயா, அவளிடமே கொடுத்து வாசித்தேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். கடதாசிகளை மடித்துக்கொண்டு திரும்பினேன்.

தம்புள்ளைக்கு நாய் வேண்டும் என்று அவளுக்கு அந்த இரண்டாவது வருஷமே தெரிந்திருக்க முடியாது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆசைக்குக் களவெடுத்திருந்தால் ஏசிவிட்டு மறந்திருப்பேன். ஒரு தேவையும் இல்லாமல் தன் பேரைப் போட்டாள். பிறகு என் அடுப்பண்டை உட்கார்ந்து, தன் பேரின் மேல் விரலை வைத்து, இதுதான் நீ என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நாய்க்குச் சொந்தக்காரரே நேரில் வரவேண்டும் என்று கந்தோரில் சொல்லியிருக்கலாம், அதனால் போட்டிருக்கலாம் என்று நானே அவளுக்காக வழக்குப் பேசியும் பார்த்தேன். அப்படியென்றால் அந்த விரல் எதற்கு?

அடுத்த வருஷம் ஒரு லொறிக்காரர் அந்தச் சந்தையிலிருந்து வந்தார். பிலோமி அக்காவின் கடையில் வெள்ளை நாய், ஒரு காது புகையிலை நிறம் என்று கேட்டேன். "அந்தக் கடையிலயா? அங்க நாயெல்லாம் ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.

போன கிழமை நான் சாத்திய கதவைத் தட்டினார்கள். ஊசிக்காரப் பிள்ளை. வாசலில் படுக்கிற செம்பட்டை நாயைக் காட்டி, "இது யாரு நாயி ஆச்சி?" என்றாள். தெரு நாய்தான், நான் சோறு வைக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் என் பேரைச் சொன்னேன். உரக்கவே சொன்னேன் போலிருக்கிறது, பிள்ளை திடுக்கிட்டாள். அட்டையில் தமிழிலேயே எழுதித் தந்தாள். அதற்குப் பிறகும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன்.

"லைசன்ஸ் எப்ப எடுக்கணும் மகள்?"

"இப்ப இந்தப் பக்கம் யாரு ஆச்சி அதெல்லாம் எடுக்குறா?" என்று சிரித்தாள்.

நாய் பிடிக்கிற வண்டி இப்போது வருவதில்லை. எங்கள் லயம் இருந்த இடத்தில் மிளகுக்கொடி படர்ந்திருக்கிறது. பிலோமி அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், மாலை கொண்டு நான் போகவில்லை. டின்னில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று மூன்று பழைய தகடுகள் கிடக்கின்றன. நாலாவது பீங்கானின் கழுத்தோடு போனது.

ஆனால் கண் மட்டும் மாறவில்லை. பஸ் பலகையிலோ கடைப் பலகையிலோ அந்தச் சுழிகளில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், என் பேர் என்று இன்றைக்கும் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.