மேலச்சாரிப் பிள்ளைக்குக் கீழச்சாரி எம்.எல்.ஏ.

என் தம்பிக்குப் பிறந்து பதினோரு மாதம் வரைக்கும் பெயர் கிடையாது. வீட்டில் யாருக்கும் அக்கறை இல்லாமல் இல்லை. எம்.எல்.ஏ. வரவில்லை, அவ்வளவுதான்.

இது விளங்க வேண்டுமானால் முதலில் எங்கள் தெருவைச் சொல்ல வேண்டும். குன்னத்துக்கும் அரியலூருக்கும் இடையே, மழையை நம்பிப் பருத்தியும் வெங்காயமும் போடுகிற ஊர் எங்களுடையது. ஊர் என்றால் ஒரே தெருதான். மேற்கு வரிசை வீடுகளுக்கு மேலச்சாரி என்று பெயர், கிழக்கு வரிசைக்குக் கீழச்சாரி. முன்னே இரண்டு கிராமங்களாக இருந்து, வீடு கட்டிக் கட்டி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டவை. யாரோ ஒரு அதிகாரி சட்டமன்றத் தொகுதிகளைப் பிரித்தபோது அந்தக் கோடு எங்கள் தெருப் புழுதியின் நடுவே போய்விட்டது. மேலச்சாரி ஒரு தொகுதி, கீழச்சாரி இன்னொரு தொகுதி. எங்கள் எருமை தினமும் இரண்டு தொகுதியிலும் மேய்ந்துவிட்டுத்தான் வீடு திரும்பும்.

அப்பா கட்சிக்காரர். எந்தக் கட்சி என்பது இப்போது முக்கியமில்லை, ஆனால் அப்போது எங்கள் வீட்டில் அதைவிட முக்கியமானது ஒன்றும் இருக்கவில்லை. நாங்கள் மேலச்சாரி. தம்பி பிறந்த வருடத்துத் தேர்தலில் எங்கள் தொகுதியில் அப்பாவின் கட்சி தோற்று, எதிர்வரிசைத் தொகுதியில் ஜெயித்தது. அதாவது, எங்களுக்கு வாய்த்த எம்.எல்.ஏ. அப்பாவுக்கு ஆகாதவர். அப்பாவின் ஆள் எதிர்வீட்டுக்கு எம்.எல்.ஏ. அந்த எதிர்வீட்டில் இருந்தது அப்பாவின் தங்கை, என் அத்தை. ஓட்டுப் போடுவதற்கே இரண்டு தடவை கூப்பிட வேண்டிய அத்தைக்கு இப்படி ஒரு கொடுப்பினை அமைந்ததை அப்பாவால் தாங்க முடியவில்லை. காலையில் வேப்பங்குச்சியை மென்றுகொண்டு வாசலில் நின்று எதிர்வரிசையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். பதினைந்து அடி தள்ளி வீடு கட்டியிருக்கலாம் என்பார். கட்டியவர்களுக்குத் தொகுதி என்று ஒன்று வரும் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கட்சிப் பெரியவர்கள் பெயர் வைப்பது அந்தக் காலத்தில் பெரிய கௌரவம். கூட்டத்தில் பிள்ளையைக் கையில் வாங்கி, மைக்கில் பெயரைச் சொல்லி, கன்னத்தைக் கிள்ளிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். கீழச்சாரி எம்.எல்.ஏ. அதில் கை தேர்ந்தவர், எம்.எல்.ஏ. ஆவதற்கு முன்பே மேடைக்கு மேடை பெயர் வைத்துப் பழகியவர். ஆண் பிள்ளை என்றால் அவருக்கு ஒரே பெயர்தான் தெரியும்: வெற்றிவேந்தன். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போதே மூன்று வெற்றிவேந்தன்கள் இருந்தார்கள். ஒல்லி வெற்றிவேந்தன், குட்டை வெற்றிவேந்தன், சளி வெற்றிவேந்தன் என்று வாத்தியார் அடையாளம் வைத்திருந்தார். நான்காவது ஆளை என்னவென்று கூப்பிடுவார் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அம்மாவுக்கு வேறு ஆசை. தம்பி வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது அம்மாவைப் பெற்ற தாத்தா வேப்பந்தட்டையில் இறந்துபோனார். மாசமாக இருக்கிறவள் சாவு வீட்டுக்கு வரக் கூடாது என்று அம்மாவை அனுப்பவில்லை. முகம் பார்க்காமல் போய்விட்டோமே என்று அம்மா கொல்லையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை ஆணாகப் பிறந்ததும், எங்கப்பா பேரு வைக்கலாங்க என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்பா சிரித்தார். எம்.எல்.ஏ. வந்து பேர் வைக்கப்போகிற பிள்ளைக்கு ஏர் ஓட்டியவர் பெயரா என்றார். அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எங்கள் அம்மா ஒரு பேச்சை எடுக்காமல் விட்டால் அதை மறந்துவிட்டாள் என்று நானும் நினைத்தேன், அப்பாவும் நினைத்தார்.

பதினோராவது மாதத்தில் தம்பிக்கும் அத்தையின் பெண்குழந்தைக்கும் சேர்த்துச் சிறுவாச்சூர் கோயிலில் மொட்டை போட்டோம். அத்தை மகள் தம்பியைவிட ஒரு மாதம் இளையவள், ஆனால் எடையில் மூத்தவள். அவளுக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருந்தது, தம்பிக்கு ஒன்றுகூட இல்லை. மொட்டை போட்டுச் சந்தனம் பூசியதும் இரண்டும் ஒரே மரத்துக் காய் மாதிரி ஆகிவிட்டன. அர்ச்சனைக்குப் பூசாரி பெயர் கேட்டார். அத்தை மகள் பெயரைச் சொன்னார்கள். தம்பியின் முறை வந்தபோது அப்பா முன்னால் வந்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல், "எம்.எல்.ஏ. இன்னும் வரலீங்க" என்றார்.

பூசாரி அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் வரிசை நெருக்கியது. அம்மா முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டு குனிந்து அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார், மணிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நட்சத்திரத்தைச் சொன்னாளாக்கும் என்று அப்பா எங்களிடம் விளக்கினார்.

அடுத்த வாரமே செய்தி வந்தது. கீழச்சாரியில் புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டியைத் திறக்க எம்.எல்.ஏ. வருகிறார். அப்பா ஓடிப்போய்க் கீழச்சாரிக் கிளைச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் சட்டம் பேசுகிறவர். அடுத்த தொகுதிப் பிள்ளைக்கு நம் எம்.எல்.ஏ. பெயர் வைத்தால் நம் தொகுதி ஜனம் கேள்வி கேட்கும் என்று சொல்லிவிட்டார். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மறுபடி போய், பிள்ளை தன் தங்கை வீட்டுப் பிள்ளை, சுத்தமான கீழச்சாரி என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தார். கட்சிக்காகச் சொன்ன பொய்யை அப்பா பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

திறப்பு விழா நாளில் நாங்கள் குடும்பத்தோடு தெருவைக் கடந்து தொகுதி மாறினோம். அத்தை வீட்டில் காலையிலிருந்தே காத்திருந்தோம். கட்சி நிறத்தில் துணி எடுத்துத் தம்பிக்குச் சட்டை தைத்திருந்தார் அப்பா. கஞ்சி போட்டுத் தேய்த்திருந்ததால் அது உடம்பில் படாமல் தனியாக நின்றது. அதே நிறத்தில் தலைக்கு ஒரு துண்டு. காலை பத்து மணி என்று சொன்ன எம்.எல்.ஏ. மத்தியானம் மூன்றுக்கு வந்தார். வந்தவர் ஜீப்பை விட்டு இறங்கும்போதே கிளம்பும் அவசரத்தில் இருந்தார். தொட்டிக் குழாயைத் திறந்தார், தண்ணீர் வரவில்லை, கைதட்டினோம். அப்பா மைக் பக்கத்திலிருந்து வீட்டைப் பார்த்துப் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு கையாலும் சைகை செய்தார்.

நான் உள்ளே ஓடினேன். அரைக் கதவு சாத்திய உள்ளறையில் அம்மா மட்டும் இருந்தாள். அத்தை வேடிக்கை பார்க்க வெளியே போயிருந்தாள். அம்மா குழந்தையைத் தூக்கி என் இடுப்பில் வைத்து, துண்டால் தலையும் முகமும் மறைகிற மாதிரிப் போர்த்தினாள்.

"வெயிலு கொளுத்துது, துண்ட எடுக்காத. அப்பாகிட்ட நிக்க வேணாம், நேரா எம்.எல்.ஏ. கையிலயே குடுத்துடு" என்றாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எம்.எல்.ஏ. கையில் நேராகக் கொடுக்கிற அந்தஸ்து இந்த ஊரில் எந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு போனேன். குழந்தை இன்றைக்குக் கனக்கிறதே என்று தோன்றியது, காலையில் நிறையக் கஞ்சி குடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். எம்.எல்.ஏ. கையை நீட்டினார். நான் தூக்கிக் கொடுக்கப்போன அந்த நேரத்தில் என் தோளில் ஒரு கடி விழுந்தது.

பல். இரண்டு பல்.

அதற்குள் எம்.எல்.ஏ. குழந்தையை வாங்கித் துண்டை விலக்கி உயரத் தூக்கிவிட்டார். கட்சிச் சட்டையும் மொட்டைத் தலையுமாக அத்தை மகள் இரண்டு தொகுதி மக்களையும் பார்த்துச் சிரித்தாள். "கழனி காக்கும் இந்த ஊரின் சிங்கக்குட்டிக்கு வெற்றிவேந்தன் என்று பெயர் சூட்டுகிறேன்" என்று மைக்கில் அறிவித்தார். லெட்டர் பேடில் பச்சை மையால் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் நீட்டினார். அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. கூட்டத்திலிருந்த அத்தைக்கும் தெரிந்துவிட்டது, அவள் வாயைத் திறந்தாள். அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார், வாய் மூடிக்கொண்டது. பக்கத்தில் கிளைச் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். தங்கை வீட்டுப் பிள்ளை என்று அவரிடம் சத்தியம் செய்தது அப்பாதானே. அப்பா இரண்டு கையையும் கூப்பி நன்றி சொன்னார். எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

முறைப்படி பார்த்தால் எந்தத் தப்பும் நடக்கவில்லை. கீழச்சாரி எம்.எல்.ஏ. கீழச்சாரிப் பிள்ளைக்குத்தான் பெயர் வைத்திருந்தார்.

உள்ளறையில் தம்பி அத்தை மகளின் பூப்போட்ட கவுனைப் போட்டுக்கொண்டு வெல்லக்கட்டியைச் சப்பியபடி உட்கார்ந்திருந்தான். யார் மாற்றியது என்று அப்பா கத்தினார். அம்மா அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"புள்ள நனைச்சுட்டான், அதான் சட்டைய கழட்டி, காயட்டும்னு அவளுக்குப் போட்டுட்டு இவனுக்கு அவ கவுன மாட்டுனேன். இவ வந்து சட்டைய பாத்துத் தூக்கிட்டு ஓடிட்டா. சின்னப் புள்ளைக்கு என்னங்க தெரியும்" என்றாள்.

இடுப்பில் ஏற்றி வைத்தது அம்மா. துண்டைப் போர்த்தியது அம்மா. அதைச் சொல்ல வாயெடுத்தேன், அம்மா என்னைப் பார்த்த பார்வையில் சொல் வெளியே வரவில்லை. அப்பா என் மேல் கையை ஓங்கினார், அம்மா நடுவே வந்து நின்றாள். அந்த நாளிலிருந்து ஊரில் எனக்குப் புள்ளைய மாத்துனவ என்று பேர் நிலைத்தது. அம்மா மீது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

எம்.எல்.ஏ. அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப்பக்கம் எப்போதாவது ஜீப்பில் கடந்துபோகும்போது, வெற்றிவேந்தன் எப்படி இருக்கான் என்று அத்தையிடம் விசாரிப்பார். இரட்டைச் சடை போட்ட மகளை உள்ளே தள்ளிவிட்டு, நல்லா இருக்கானுங்க என்பாள் அத்தை. கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் எங்கள் தெருவில் அத்தை மகள் வேந்தன்தான். பச்சை மைத் தாளை அப்பா வெகுநாள் வரைக்கும் பெட்டியில் வைத்திருந்தார்.

திறப்பு விழாவுக்கு அடுத்த மாதம் தம்பிக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, பேர் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஆசாரி கேட்டார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். இருந்த ஒரே பெயரும் எதிர்வீட்டுக்குப் போய்விட்டிருந்தது, எம்.எல்.ஏ. அடுத்த தேர்தலுக்குத்தான் வருவார். மாமா தாத்தாவின் பெயரைச் சொன்னார். தம்பி அந்தப் பெயருக்கு உடனே திரும்பிப் பார்த்தான். ஏற்கெனவே பழகின பெயர் மாதிரி திரும்பினானே என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஆகட்டும் என்றார்.

திறப்பு விழா நடந்த அன்று சாயங்காலம் நான் சாப்பிட மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அம்மா ஒரு முட்டையை அவித்து, உப்பும் மிளகும் போட்டுக் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் முட்டை என்றால் அடைக்கு வைப்பது, இல்லாவிட்டால் சந்தைக்குப் போவது. நோய் வந்தால்தான் வாய்க்கு வரும். "எந்திரி தங்கம், தின்னு. உன்னால எனக்கு ஒரு கொறையும் இல்ல" என்றாள். அப்பாவிடம் திட்டு வாங்கியதற்கு ஆறுதல் என்று நினைத்து, அழுதுகொண்டே முழு முட்டையையும் தின்றேன்.

எனக்குப் பிள்ளை பிறந்து, அது நனைத்துவிட்ட சட்டையை ஒரு மத்தியானம் நானே கழற்றிப் பிழிந்தபோதுதான் நினைவு வந்தது. அன்றைக்கு நான் இடுப்பில் சுமந்துகொண்டு ஓடிய கட்சிச் சட்டை, கஞ்சி மொடமொடப்புக் கலையாமல், ஒரு பொட்டு ஈரம் இல்லாமல், வழி நெடுகக் கையை உறுத்திக்கொண்டே வந்தது.