மூன்று முறை அலசிய பாட்டில்

குடிநீர் அலுவலகத்தில் அவளுக்கு 'அலசல் அக்கா' என்று பெயர். வீடு வீடாகப் போய்க் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுப்பது அவள் வேலை. உப்பு, இரும்பு பார்க்கும் பிரிவில் பல வருடம் இருந்தவள். அங்கே பிடிப்பதற்கு முன் அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசிக் கொட்ட வேண்டும், அதுதான் முறை. அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது. மூன்று முறை அலசாமல் ஒரு டம்ளரில் டீ ஊற்றமாட்டாள். என்னைக் கட்டிக்கொள்ளும் முன்பு மட்டும் அலசிப் பார்க்க மறந்துவிட்டாள் என்று கணவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு அவளைக் கிருமிப் பிரிவுக்கு மாற்றினார்கள். வேலையைச் சொல்லித்தர வேண்டியவர், "உனக்குத் தெரியாததா, பிடிச்சு மூடிக் கொண்டு வா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போனார். புதுப் பாட்டில்களின் அடியில் துளி வெள்ளைப் பொடி கிடந்தது. கழுவியவர்கள் சோப்பைச் சரியாகப் போக்கவில்லை என்று முகம் சுளித்தாள். வழக்கம் போல மூன்று முறை அலசிக் கொட்டினாள். சுத்தத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, போங்கள்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை வீட்டுத் தெருவில் சாக்கடை வேலைக்காகப் பள்ளம் தோண்டினார்கள். தண்ணீரில் லேசாக வாடை வந்தது. தங்கை பயந்துபோய்த் தண்ணீரைக் காய்ச்ச ஆரம்பித்தாள். அக்கா தன் கையாலேயே அந்த வீட்டுக் குழாயில் மாதிரி எடுத்தாள். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. கேஸை ஏன் வீணாக்குகிறாய், நான் பார்த்த தண்ணீர், தைரியமாகக் குடி என்றாள். தங்கைக்கு அக்கா சொன்னால் அதற்கு மேல் பேச்சே இல்லை. அன்றோடு காய்ச்சுவதை நிறுத்திவிட்டாள்.

இந்த வாரம் தங்கை மகளுக்கு வாந்தியும் பேதியும். ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையில் ஊசி குத்தி மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். அதே தெருவில் இன்னும் சில வீடுகளிலும் ஆட்கள் படுத்துவிட்டார்கள். அக்கா மறுபடி அங்கே மாதிரி எடுத்தாள், மறுபடியும் கிருமி இல்லை என்றே முடிவு வந்தது.

ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்கும் அம்மாவுக்கு இது சரியாகப் படவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, என் கண் முன்னால் ஒரு பாட்டில் பிடி என்றார். அக்கா மூடியைத் திறந்தாள், தண்ணீரை விட்டாள், குலுக்கிக் கொட்டினாள். அந்த அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அந்தப் பொடி எங்க?"

"சோப்புன்னு நெனச்சேன் மேடம். எப்பவும் அலசிடுவேன்."

அந்த அம்மா பாட்டிலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். அது சோப்பு இல்லை, தண்ணீரில் இருக்கும் குளோரினை அடக்கும் மருந்து. அதைக் கொட்டிவிட்டால், பாட்டில் இங்கே வந்து சேரும்வரை குளோரின் உள்ளே கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும். "உன் பாட்டில் இங்க வர மத்தியானம் ஆகுது. அதுக்குள்ள எல்லாம் செத்துடும். வீட்டுல இருக்கறவங்க மத்தியானம் வரைக்கும் காத்திருந்தா குடிக்கிறாங்க? பொடி எதுக்குன்னு உனக்கு யாருமே சொல்லலையா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் அந்தத் தெரு வால்வை மூடச் சொல்ல போனை எடுத்தார்.

அக்கா தன் போனை எடுத்துத் தங்கைக்கு அடித்தாள். ஆஸ்பத்திரித் தண்ணீர் கரிக்கிறது, பிள்ளை குடிக்கமாட்டேன் என்கிறாள் என்று தங்கை முதல் நாளே புலம்பினாள். உப்பும் சர்க்கரையும் கலந்த மருந்துப் பொடியை வீட்டுத் தண்ணீரிலேயே கரைத்துக் கொடு என்று யோசனை சொன்னதும் இவள்தான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது, தங்கை எடுக்கவில்லை. கிடைத்த வண்டியில் ஏறினாள். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி நேரம் ஆகவில்லை என்று மறித்தான். அவனை ஒரு தள்ளு தள்ளிவிட்டு மாடிக்கு ஓடினாள். தங்கை கட்டிலில் உட்கார்ந்து, மகளின் கழுத்தைத் தாங்கி, டம்ளரை உதட்டில் வைத்திருந்தாள். அக்கா பாய்ந்து பிடுங்கினாள். பாதித் தண்ணீர் போர்வையில் கொட்டியது.

"காய்ச்சினியா இதை?"

"நீதானே வேண்டாம்னு சொன்ன."

பழியைப் பொடியின் மேல் போடலாம், சொல்லித்தராதவர் மேல் போடலாம். வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைகள் நாக்கு நுனியில்தான் இருந்தன. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அவற்றை விட்டுவிட்டாள். "தண்ணி கெட்டுப்போயிருந்துச்சுடி. அதைக் கண்டுபிடிக்க வேண்டியவ நான். நான்தான் அதை நல்ல தண்ணியாக் காட்டிட்டேன்" என்று நடந்ததைச் சொன்னாள். தங்கை மகளின் வாயைத் துடைத்துவிட்டாள்.

கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ், பிள்ளை கொஞ்சம் தேறுவதும் மறுபடி விழுவதுமாக ஏன் இருந்தாள் என்பது இப்போதுதான் புரிகிறது என்றாள். இனி நிற்கும், பயப்படாதீர்கள் என்று சொல்லி, காய்ச்சி ஆறிய தண்ணீரை ஒரு ஜக்கில் கொண்டு வந்து வைத்தாள். அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த குழாயடிக்குப் போனாள். ஒரு முறை அலசினாள், இரண்டாவது முறை அலசினாள்.

தங்கை எழுந்து வந்து குழாயை மூடினாள். டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி, ஜக்குத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் கழுவினாள்.

"நீ போய் உக்காருக்கா. இனிமே நான் பாத்துக்கறேன்."