சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள்

அலுவலகத்தில் அவளுக்கு ‘வாய்ப்பூட்டு’ என்று பெயர். வீட்டில் இதைச் சொன்னால் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். அங்கே அவள் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை.

பெயர் வேலையால் வந்தது. நகரப் பொழுதுபோக்கு மையத்தின் இணையதளத்தை மாற்றியமைப்பது அவள் பொறுப்பு. நீச்சல், பூப்பந்து, நடனம், எதற்கும் அதில்தான் பதிய வேண்டும். வெளியாட்களை வரவழைத்து, புதிய பக்கத்தைத் திறந்து கொடுத்து, “நீச்சல் வகுப்புல சேருங்க” என்பாள். அதன்பின் வாய் திறக்கக் கூடாது. அவர்கள் தடுமாறும் இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

யாரும் தடுமாறவில்லை என்பதுதான் வேடிக்கை. முகப்பில் வகுப்புகளின் பெயரே கிடையாது. உற்சாகம், அமைதி, துணிவு என்று மூன்று வண்ணக் கட்டங்கள். அவளுடைய செல்லக் கண்டுபிடிப்பு. நீச்சல் ‘துணிவு’க்குள் இருந்தது. வந்தவர்கள் அதையே அமுக்கினார்கள். மேலாளருக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

“கடைசி ஆளும் தேறட்டும், வெளியிட்டுடலாம். இல்லேன்னா பழையபடி பேரையே போட்டுடுவோம்.”

கடைசி ஆள் வராமல் போகவே, பேருந்து ஓட்டும் அக்கா கணவரை இழுத்து வந்தாள். அவரும் நொடியில் ‘துணிவு’க்குப் போனார்.

“எப்படி அத்தான் கண்டுபிடிச்சீங்க?”

“அமைதி பக்கம் போனேன், உன் மூஞ்சி சுருங்கிச்சு. இந்தப் பக்கம் வந்தேன், தலையை ஆட்டினே. நாள் முழுக்கக் கண்ணாடியில பயணிங்க மூஞ்சி பார்க்கிறவன்கிட்டயா மறைப்பே?”

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. முந்தைய சோதனைகளின் வீடியோப் பதிவுகளை ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொருவரும் அமுக்குவதற்கு முன் ஓரக்கண்ணால் அவளைத்தான் பார்த்திருந்தார்கள்.

அத்தான் தேறிவிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் கட்டங்கள் பிழைத்துவிடும். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. இதற்கு நேர்மை என்று பெரிய பெயர் வேண்டாம். பதிலை முகத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் அது கேள்வியே அல்ல. அவளுக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் ஒரு தையல்கார அம்மாவை வரவழைத்து, தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் மவுஸின் டிக், டிக், டிக். பிறகு ஒரு பெருமூச்சு.

“நீச்சல் எதுலம்மா இருக்கு?”

சுவர் பேசவில்லை. கடைசியில் தற்செயலாகக் கண்டுபிடித்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: “சின்னதுலேருந்து நீந்துறேன். எனக்கு எதுக்கும்மா துணிவு?”

கட்டங்களை அவளே அழித்தாள். பழைய சோதனைகளும் செல்லாது என்று மேலாளரிடம் சொன்னபோது அவர், “அட, பூட்டு திறந்துடுச்சே!” என்றார்.

தளம் வெளியானதும் அத்தான் மறுபடி வந்தார். இப்போது பக்கத்தில் நீச்சல், பூப்பந்து, நடனம் என்று வெறும் பெயர்கள். அவள் சுவர்ப் பக்கம்.

“சரியாப் போறேனா?”

அவள் நாற்காலியைச் சுவருக்கு இன்னும் நெருக்கினாள்.

“சுவரே, நீயாவது சொல்லேன்!”

இரண்டு டிக். அவர் கைப்பேசி கிணுகிணுத்தது.

“ஐயய்யோ, நிஜமாவே சேர்த்துக்கிட்டாங்க! தண்ணின்னாலே எனக்கு உதறும்னு உனக்குத் தெரியாதா?”

அவள் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.