தாயம்மாவுக்கு வந்த நிஜக் காய்ச்சல்

மருமகள் துபாயிலிருந்து கொண்டுவந்த தெர்மாமீட்டர் நேற்று என் கக்கத்தில் கீச்சென்று கத்தியது. நான் சிரித்த சிரிப்பில், காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றே அவள் பயந்துவிட்டாள். தெர்மாமீட்டரோடு நான் பட்ட பாடு அவளுக்கு என்ன தெரியும்.

ராஜா காலத்தில், திருவனந்தபுரத்துச் சிறை ஒன்றில், பெண்கள் வார்டுக்கு நான்தான் நர்ஸ். மொத்தம் ஐந்து கட்டில். காய்ச்சல் என்றால் கஞ்சிக்குப் பதில் பாலும் ரொட்டியும் உண்டு. ஆகவே கட்டில் காலியாக இருந்ததே இல்லை. மார்த்தாண்டம் பக்கத்துத் தாயம்மா, சாராயம் காய்ச்சி உள்ளே வந்தவள், ஒருநாள் நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் தெர்மாமீட்டரைக் கஞ்சியில் முக்கிவிட்டாள். நூற்றெட்டு. வைத்திய சாஸ்திரப்படி அவள் செத்திருக்க வேண்டும். அவளோ பாலுக்குச் சீனி கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் கொடுத்துத் தொலைத்தேன்.

மகாராஜாவின் பிறந்தநாளுக்குச் சிலரை விடுதலை செய்வார்கள். அந்த வருஷம் பட்டியலில் தாயம்மாவும் இருந்தாள். காய்ச்சல்காரர்களை மட்டும் குணமாகும்வரை வெளியே விடமாட்டார்கள். பால்குடி வயதில் அவள் விட்டுவந்த மகனைத் தங்கச்சிதான் வளர்த்தாள். அந்தத் தங்கச்சி விடுதலை நாளன்று பிள்ளையோடு சிறை வாசலுக்கு வந்துவிட்டு, அப்படியே கொழும்புக்குப் புறப்படுகிறாள். தாயம்மா வெளியே வராவிட்டால் பிள்ளையும் கப்பலேறிவிடுவான்.

அன்று காலை அவள் வாயில் தெர்மாமீட்டரை வைத்தேன். தொண்ணூற்றைந்து. கழுத்தைத் தொட்டால் அடுப்பாகக் கொதிக்கிறது. கிணற்றுத் தண்ணீரை வாய் நிறைய அடக்கி வைத்திருந்திருக்கிறாள்.

"நெசக் காச்சலாக்கும், சிஸ்டரே," என்றாள், பல் தந்தியடிக்க. "இத்தன நாளும் பொய்க் காச்சலுக்குப் பாலு தந்தியளே. இன்னைக்கு ஒரு நாள் இல்லேண்ணு எழுதுங்கோ."

எழுதினேன். ஆனால் டாக்டர் சீட்டை நம்பாமல் தொட்டுப் பார்க்கிற ரகம். அவர் தாயம்மா பக்கம் குனிந்ததுதான் தாமதம், மற்ற நான்கு கட்டில்களும் ஒரே சமயத்தில் குலுங்கத் தொடங்கின. நால்வருக்கும் குளிர் ஜுரமாம். ஒருத்தி பிரசவ வலி வந்தவள் மாதிரி அலறினாள்.

"எந்தா சிஸ்டரே இது?" என்று டாக்டர் அங்கே ஓடினார். நான் சிரிப்பை அடக்க ஏப்ரன் நுனியைக் கடித்துக்கொண்டேன். நால்வருக்கும் இரட்டைப் பங்கு மலேரியாக் கொய்னா மருந்து எழுதினார். அந்தக் கசப்பை முகம் சுளிக்காமல் விழுங்கினார்கள். அதற்குள் தாயம்மா, நான் கொடுத்த மாத்திரைகளை மடியில் முடிந்துகொண்டு, வெளிவாசலுக்குப் போய்விட்டாள்.

நால்வரில் உயரமானவள் கட்டில்மேல் ஏறி, ஜன்னல் வழியே பார்த்து எங்களுக்குச் சொன்னாள். "புள்ள வரமாட்டேங்கான்... ஓடுகான்... தூக்கிட்டா." இப்படிச் சொன்னவளுக்கு இன்னும் ஏழு வருஷம் தண்டனை பாக்கி. இவளைப் பார்க்க அந்த வாசலுக்கு ஒருநாளும் யாரும் வந்ததில்லை.

ராஜ்யம் போயிற்று, மலேரியா போயிற்று, அந்த வார்டையும் இடித்துவிட்டார்களாம். வாய் கசக்கக் கசக்கத் "தூக்கிட்டா" என்று சிரித்தவளின் பெயரும் எனக்கு மறந்துபோயிற்று. அதுதான் வெட்கமாக இருக்கிறது.