டவர் பாறைக்குத் திறந்தபடி போன லேப்டாப்

எங்கள் பள்ளிக்கூடம் மலைமேல், குண்டனி நாடு என்கிற ஊர்த்தொகுதியில், ஒரு பள்ளத்தில் இருக்கிறது. செல்போன் சிக்னல் அந்தப் பள்ளத்தை எட்டிக்கூடப் பார்க்காது. பின்பக்கம் மரவள்ளிக் காட்டோரமாக ஏறினால் கால்மணி நேரத்தில் ஒரு பாறை வரும். அதன் மேல் நின்றால் மூன்று கோடு சிக்னல் கிடைக்கும். அதற்கு டவர் பாறை என்று பெயர். டவர் என்று அங்கே ஒன்றும் கிடையாது, வெறும் பாறைதான்.

இப்போது பள்ளிக்கூட வேலையில் பாதி ஆன்லைனில்தான் நடக்கிறது. அதனால் எங்களுக்கென்று ஒரு முறை உண்டாகிவிட்டது. காலையில் லேப்டாப்பைப் பாறைக்குக் கொண்டுபோய் நிரப்ப வேண்டிய பக்கத்தைத் திறக்க வேண்டும். மூடியை மூடிக் கீழே கொண்டுவந்து, பதிவேடுகளைப் பார்த்து நிரப்ப வேண்டும். மறுபடி மூடி, மேலே ஏறி, திறந்து, அனுப்ப வேண்டும். பதிவேடுகளையே மேலே தூக்கிப் போகலாமே என்று கேட்பீர்கள். ஒருமுறை வருகைப் பதிவேடு மழையில் ஊறிப்போனதிலிருந்து தலைமையாசிரியர் அதற்குத் தடை போட்டுவிட்டார். லேப்டாப்பை அணைத்தால் நிரப்பியதெல்லாம் போய்விடும். ஆகவே அது தூங்க வேண்டும், மூடியைத் திறந்ததும் எழுந்திருக்க வேண்டும். அதனிடம் நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.

அந்த ஏற்ற இறக்கமெல்லாம் எங்கள் தற்காலிக ஆசிரியையின் வேலை; சாயங்காலம் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வதும் அவர்தான். பக்கத்துக் குண்டூர் நாட்டுக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கிட்டத்தட்ட என் வயது. பிள்ளை பெற்ற பிறகு தபாலில் படித்துப் பட்டம் வாங்கியவர். பெற்றோர் குழு ஒவ்வொரு ஆண்டும் கூடிச் சரி என்று சொன்னால்தான் அவருக்கு அடுத்த ஆண்டு வேலை. நான் நிரந்தர ஆசிரியை, கீழ்நாட்டுக்காரி, அதாவது சமவெளிக்காரி, மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் வாடகைக்கு இருந்துகொண்டு பஸ்ஸில் வந்து போகிறவள். அவர் என்னை 'டீச்சர்' என்பார். நான் அவரை 'நீ' என்பேன். அது அப்போது எனக்குத் தவறாகவே படவில்லை.

எனக்குக் கை சும்மா இருக்காது. கம்ப்யூட்டர் எனக்குக் கொஞ்சம் தெரியும், தெரியும் என்கிற திமிர் அதைவிட அதிகம். லேப்டாப்பின் மூலையில் "புதிய பதிப்பு தயார்" என்று ஒரு செய்தி மாதக்கணக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. "நல்லா ஓடிட்டிருக்கறத நோண்டாதீங்க" என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஏதோ பட்டியல் வேலை என்று சொல்லி லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப்போனேன். மறுநாள் சந்தைக்குப் போகும்முன் வைஃபையில் போட்டு, புதிய பதிப்புக்கு 'சரி' கொடுத்துவிட்டுப் போனேன். மல்லியும் சீரகமும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது திரை புத்தம்புதிதாக மின்னியது. எனக்கு அவ்வளவு பெருமை. திறந்து மூடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை உதவித்தொகைக்குப் பிள்ளைகளின் பெயர்களை அனுப்பக் கடைசி நாள். காலையில் பாறையிலிருந்து மூடிக் கொண்டுவந்தபோது லேப்டாப் எப்படியோ எழுந்துகொண்டது; மதியம் வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுத் தற்காலிக ஆசிரியை மேலே போனார். கொஞ்ச நேரத்தில் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார்.

"டீச்சர், தொறந்தா படமே வரமாட்டீங்குதுங்க. லைட்டு மட்டும் எரியுது."

வாங்கிப் பார்த்தேன். திரை கன்னங்கரேலென்று இருந்தது. உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. எந்தப் பொத்தானைத் தட்டினாலும் அசையவில்லை. பவர் பொத்தானை விடாமல் அழுத்தி அணைத்து, மறுபடி போட்டதும் உயிர் வந்தது. ஆனால் நிரப்பியதெல்லாம் போய்விட்டது. சோதித்துப் பார்க்க மூடித் திறந்தேன். மறுபடி இருட்டு.

தலைமையாசிரியர் வந்து நின்றார். "என்னாச்சு இதுக்கு? போன வாரம் நல்லாத்தானே இருந்துச்சு?"

நான் போட்ட புதிய பதிப்புதான் காரணம். எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நொடியில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு முடிந்திருக்கும். நான் சொன்னது இதுதான்: "தெனமும் படக்கு படக்குன்னு மூடி மூடித் தூக்கிட்டு நடந்தா என்னத்துக்கு ஆகும் சார்? உள்ளே ஏதாவது விட்டுப்போயிருக்கும்."

அந்த ஆசிரியை என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"பத்திரமா வச்சுக்குவீங்கன்னுதானேம்மா உங்ககிட்டக் குடுத்தேன்" என்றார் தலைமையாசிரியர். "வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். அதுக்குள்ள சரியாகலைன்னா நான் அங்க சொல்லித்தான் ஆகணும்."

சொன்னால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். அந்த வேலைக்குக் காத்திருப்பவர்கள் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். உதவித்தொகைப் பட்டியலை அன்று மாலை தலைமையாசிரியரே தாளில் எழுதிக்கொண்டு பாறைக்கு ஏறி, தன் போனில் எழுத்து எழுத்தாக அடித்து அனுப்பினார்.

சரிசெய்துவிட்டால் போதும், யாருக்கும் நஷ்டமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செவ்வாயும் புதனும் மதிய இடைவேளையில் லேப்டாப்பைப் பாறைக்குக் கொண்டுபோனேன். போனில் தேடித் தேடிப் படித்தேன். படித்த பக்கமெல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கியது: புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு உங்கள் லேப்டாப் தூக்கத்திலிருந்து எழவில்லையா? ஆமாம், ஆமாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

தற்காலிக ஆசிரியையும் கூடவே வந்தார். வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. மலையில் மஞ்சு இறங்கித் தூறல் போட்டுக்கொண்டே இருந்தது. குடையை எனக்கும் லேப்டாப்புக்கும் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றார். "என்னால உங்களுக்கு எத்தன செரமம் பாருங்க டீச்சர்" என்றார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பரவாயில்ல" என்றேன். என் ஆயுளில் நான் சொன்ன கேவலமான சொல் அதுவாகத்தான் இருக்கும்.

புதன்கிழமை விஷயம் பிடிபட்டது. திரையை இயக்கும் டிரைவரை, அதாவது திரைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே வேலை பார்க்கும் சின்ன புரோகிராமை, புதிய பதிப்பு தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டிருந்தது. மாற்றியது இந்த லேப்டாப்புக்குப் பொருந்தவில்லை. பழையதற்கே திரும்பிப் போகிற வழி ஒரு மூலையில் ஒளிந்திருந்தது. அதை அழுத்தி, அணைத்துப் போட்டு, மூடினேன். பத்து வரை எண்ணித் திறந்தேன். வெளிச்சம் வந்தது. அவர் குடையை விட்டுவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். என்னைக் கும்பிட்டாரா, லேப்டாப்பைக் கும்பிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமே தாங்க முடியாததுதான்.

தலைமையாசிரியருக்கு ஏக சந்தோஷம். "நீங்க இல்லைன்னா என்ன ஆயிருக்கும்!" என்றார். அந்தப் பாராட்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கூட்டத்தில் சொல்லமாட்டீங்கதானே என்று கேட்டுவைத்தேன். "நடந்தத நடந்தபடி சொல்லிட்டு, சரியாயிருச்சுன்னும் சொல்லிடறேன்" என்றார் அவர்.

வியாழக்கிழமை நான்காம் வகுப்புக்கு வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக மரவள்ளிக் காட்டோரம் தெரிந்தது. தற்காலிக ஆசிரியை ஏறிக்கொண்டிருந்தார். லேப்டாப்பை மூடாமல், திறந்த மூடியோடு, குழம்பு தளும்பும் தட்டை ஏந்துகிறவர்போல இரண்டு கையிலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தார். குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியிருந்தார். திறந்த மூடி கண்ணை மறைத்ததால் காலடியில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. நான் பார்க்கும்போதே கல் தடுக்கி முட்டிபோட்டு விழுந்தார். கை மட்டும் கீழே இறங்கவில்லை.

சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். கால் கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்து ரத்தம் செருப்பில் ஒழுகியது. லேப்டாப்புக்கு ஒன்றுமில்லை.

"எதுக்கு இப்படித் திறந்துகிட்டுப் போறே? மூடிக்க வேண்டியதுதானே!"

"இல்லீங்க டீச்சர். மூடி மூடித்தான் போச்சுன்னு நீங்கதான சொன்னீங்க. நாளைக்குக் கூட்டமுங்க. மறுக்கா போச்சுன்னா என்ற நெலம என்னாகும்?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து சொன்னேன். வெள்ளிக்கிழமை எடுத்துப்போனது, சந்தைக்குப் போகும்முன் அழுத்தியது, திங்கட்கிழமை என் வாயில் வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுகை வந்தது. அவர் அழவில்லை.

"அப்ப நான் ஒண்ணும் பண்ணலீங்களா?" என்று கேட்டார்.

"நீங்க ஒண்ணும் பண்ணல."

"நாலு நாளா நெனச்சு நெனச்சுப் பாத்தனுங்க, எப்பக் கீழ போட்டம்னு. ஊட்டுல புள்ளைகளப் போட்டு அடிச்சனுங்க, நீங்க எடுத்து வெளையாண்டீங்களான்னு." அடிபட்ட விரலைத் துடைத்துக்கொண்டார். "சாருகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க."

மன்னித்தேன் என்றோ, போகட்டும் என்றோ அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றே தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத நாளைக்குக் கூட்டத்துல உங்க வாயாலயே சொல்லுங்க" என்றார். சொன்னேன். மிளகுக் காட்டிலிருந்தும் வயலிலிருந்தும் அப்படியே வந்திருந்த பெற்றோர்கள் முன்னால் நின்று சொன்னேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. தற்காலிக ஆசிரியைக்கு வேலை தொடர்ந்தது.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் லேப்டாப்பை அவர்தான் பாறைக்குக் கொண்டுபோகிறார், மூடித்தான் கொண்டுபோகிறார். அவருடைய பிள்ளைகளுக்கு ஒருநாள் தின்பண்டம் வாங்கிக் கொடுத்தேன். கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார்கள். வாங்கிய அடிக்குப் பதில் கிடைத்தது அதுதான் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் என் கையிலிருந்து லேப்டாப்பை வாங்குகிற ஒவ்வொரு முறையும் அவர் ஒன்று செய்கிறார். என் எதிரிலேயே மேசைமேல் வைத்து மூடுகிறார். பத்து வரை எண்ணித் திறக்கிறார். வெளிச்சம் வந்ததும் திரையை என் பக்கம் திருப்புகிறார்.

"பாத்துக்கிட்டீங்களா டீச்சர்?"

"பாத்துட்டேங்க" என்கிறேன். அதற்குப் பிறகுதான் மூடி எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்.