சகலையின் முட்டி

இடது காலை நேரே நீட்டி, வலது காலை மடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துதான் இப்போதெல்லாம் டைல்ஸ் ஒட்டுகிறார். கல்லை வைத்து, ரப்பர் சுத்தியலால் நாலு மூலையிலும் தட்டி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்பார். அடியில் கலவை நிறைந்திருந்தால் ஒரு சத்தம், பொள்ளலாக இருந்தால் வேறு சத்தம். திருப்தியானால், "ம், உக்காந்துட்டான்" என்பார். அடுத்த கல்லுக்கு உட்கார்ந்தபடியே நகர்ந்து போவார். நாற்பத்திரண்டு வயதில் தவழப் பழகுகிறேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதையே வேறு யாராவது சொன்னால் முகம் சுண்டிவிடும்.

தரையில் மயிரிழை ஏற்ற இறக்கம் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அதனால், மட்டம் பார்க்கும் கருவியின் பெயராலேயே, எல்லோருக்கும் அவர் ‘ரசமட்டம்’. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைப் பார்ப்பார், பிறகுதான் மனிதர்களை. முட்டி ஆபரேஷனுக்காகப் படுத்தபோது, மயக்க மருந்து ஏறுமுன் அவர் கடைசியாகச் சொன்னது, "அந்த மூலையில தண்ணி நிக்கும், பாத்துக்குங்க" என்பதுதானாம்.

தரைக்கு முன்பாக அவர் பார்க்கிற மனிதர் ஒருவர் உண்டு: சகலை. மனைவியின் அக்காவைக் கட்டியவர், இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மேஜை வேலை. சகலை என்ன சட்டை, என்ன செருப்பு என்பதெல்லாம் ஒரே பார்வையில் ரசமட்டத்தின் மனசில் பதிந்துவிடும். மாமனார் எதற்கெடுத்தாலும் பெரிய மாப்பிள்ளையைத்தான் கேட்பார். ஆறு வருஷத்துக்கு முன்னால் தன் வீட்டுத் தரையை மாற்றியபோது, என்ன நிறம் போடலாம் என்று அவரைக் கேட்டுவிட்டு, ஒட்டுவதற்கு மட்டும் இவரைக் கூப்பிட்டார். நேற்று நடந்த மாதிரி அதைச் சொல்வார் ரசமட்டம்.

சகலைக்கு முட்டிக்குள் இருக்கும் தசைநார் அறுந்தது வாலிபால் மைதானத்தில். எட்டு மாதம் கழித்து, டைல்ஸ் பெட்டியோடு படியில் கால் பிசகி இவருக்கும் அதே நார் அறுந்தது. அதிலும் ஒரு எரிச்சல். "அவருக்கு விளையாடி அறுந்துச்சு, எனக்கு உழைச்சு அறுந்துச்சு" என்று மனைவியிடம் பொருமினார். சகலைதான் தனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார்.

அறுந்ததைச் சும்மா தைத்தால் நிற்காது, உடம்பில் வேறு இடத்திலிருந்து ஒரு நாரை எடுத்து அங்கே பொருத்த வேண்டும் என்றார் டாக்டரம்மா. தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுக்கலாம், சகலைக்கு அப்படித்தான். தழும்பு சின்னது, முன்பக்கம் நோகாது, சிலருக்குக் காலப்போக்கில் கொஞ்சம் தளரலாம். அல்லது முட்டிச் சில்லுக்குக் கீழேயிருந்து, இரண்டு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுக்கலாம். பிடி கெட்டி. ஆனால் மண்டி போட்டால் வலி தங்கிவிடக்கூடும். அதைச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "உங்க வேலையில மண்டி போட வேண்டி வருமா?"

இருபது வருஷமாக மண்டி போட்டே சோறு தின்றவர். ஆனால் பக்கத்து நாற்காலியில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் சகலை உட்கார்ந்திருந்தார்.

"இல்லைங்க டாக்டர். நான் நின்னுக்கிட்டுச் சொல்லுவேன். ஆளுங்க செய்வாங்க."

ஆளுங்க என்று யாரும் கிடையாது. அது சகலைக்கும் தெரியும். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. பாரம் தூக்குகிற உடம்புக்குக் கெட்டியானதே நல்லது என்று டாக்டரம்மா எழுதிவிட்டார்.

வருஷம் ஒன்றரை ஆகிறது. முட்டி பாறை மாதிரி நிற்கிறது. ஆனால் தரையில் ஊன்றினால் கண்ணாடிச் சில்லு ஏறின மாதிரி உயிர் போகிறது. ஒருநாள் மாமனார் வீட்டில் சோபாவுக்கு அடியில் விழுந்த ரிமோட்டை எடுக்க, சகலை இரண்டு முட்டியும் போட்டுச் சாவகாசமாகத் துழாவினார். ரசமட்டத்துக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. உண்மையான காரணத்தை மனைவியிடம்கூடச் சொல்ல முடியாமல், டாக்டரைத் திட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

போன மாதம் சகலை வீட்டுச் சமையலறைக்குத் தரை போட இவரைத்தான் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் சகலை லீவு போட்டுவிட்டு, பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொடுத்தார். அந்த முட்டியைப் பார்க்கப் பார்க்க இவருக்கு வயிறு எரிந்தது.

"அன்னிக்கு டாக்டர்கிட்ட நான் சொல்லியிருக்கணும், சகல" என்றார் சகலை, திடீரென்று. "உங்களுக்கு அசிங்கமாப் போயிடுமேன்னு விட்டுட்டேன்."

ரசமட்டம் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த கல்லை நீட்டியபடி சகலையே மறுபடி பேசினார். தன் முட்டி திடீர் திடீரென்று நழுவுகிறதாம். பந்தைத் தொட்டு இரண்டு வருஷமாகிறதாம். மாடியிலிருந்து இறங்கக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறதாம். "வெக்கத்த விட்டுச் சொல்றேன். நீங்க நடக்கிறதப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

சுத்தியல் நின்றது. ரசமட்டம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அளவு டேப்பை மாடியில் வைத்துவிட்டதாகச் சொன்னார். டேப் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. மேலே போய்ச் சும்மா ஒரு நிமிஷம் நின்றார். பிறகு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கீழே சகலை பார்க்கிறாரா என்று ஒரு கண் வைத்தபடி, ஒவ்வொரு படியாக, மெதுவாக இறங்கி வந்தார்.